கிறிஸ்மஸ் மரக் கப்பல்



சில ஆண்டுகளுக்கு முன், திருவருகைக் கால ஞாயிறு ஒன்றில், நாம் மறையுரையின் நடுவே ஒரு கப்பலின் கதையைக் கூறினோம். ஏழைக் குழந்தைகளுக்கு இலவசமாகக் கொடுப்பதற்கென்றே கிறிஸ்மஸ் மரங்களை ஏற்றிவந்த மீகாமன் ஒருவர் புயலில் சிக்கிக் கப்பலோடு மூழ்கினார் என்றும், மூழ்குமுன் இறுதி மடல் எழுதிப் புட்டியில் அடைத்து நீரில் விட்டார் என்றும் உருக்கமாக எடுத்துரைத்தோம். தாய்மார் சிலர் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டனர். திருப்பலி முடிந்ததும் இளைஞர்கள் வந்து, அக்கதையை நாடகமாக நடிக்க அனுமதி வேண்டினர். நடிக்கவும் செய்தனர்.

பின்னர் அக்கப்பலைப் பற்றிய ஆவணங்களின்வழி எழுதப்பட்ட வரலாற்றைப் படிக்க வாய்த்தது. அன்று நாம் கூறியவற்றில் பாதி பிழை. பலிபீடத்தின் அருகே நின்று குரு சொன்னால் மறுத்துக் கேட்பார் இல்லை; ஆதலால் திருத்திக் கூறும் கடமையும் குருவுக்கே உரியது. இம்மாதம் இப்பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறோம்.

கப்பலின் பெயர் ரூஸ் சிம்மன்ஸ். அமெரிக்க நாட்டின் விஸ்கான்சின் மாநிலத்தில், மில்வாக்கி நகரில், 1868-ஆம் ஆண்டு கட்டப்பட்டது. கினோஷா என்னும் ஊரைச் சேர்ந்த வணிகர் ஒருவரின் பெயரே கப்பலுக்கு இடப்பட்டது. முழுவதும் மரத்தாலானது, பாய்மரங்கள் மூன்று, நீளம் 123 அடிக்குச் சற்று மேல், அகலம் 27 அடிக்குச் சற்று மேல், கொள்ளளவு 205 டன். இவ்வகைக் கப்பலை ஸ்கூனர் என்பர். இதன் பாய்கள் கப்பலின் நெடுக்குவாட்டில் கட்டப்படுவன. ஆகவே காற்றை எதிர்த்தும் சாய்ந்து செல்ல இயலும்; பாய்களைக் கையாளச் சிலரே போதும். நம் தூத்துக்குடித் தோணிகளைக் கண்டவர்கள், உருவில் வேறுபட்டாலும், இதன் பிழைப்பு எத்தகையது என்பதை எளிதில் உணர்வர். கிடைத்த சரக்கை ஏற்றிக் கிடைத்த கூலிக்கு ஓடும் கப்பல் அது.

அது ஓடியது கடலில் அன்று, ஏரியில். ஏரி என்றதும் நம் ஊர்க் கண்மாயை எண்ணிவிடலாகாது. மிச்சிகன் ஏரி வடக்குத் தெற்காக 300 மைலுக்கு மேல் நீண்டது; அகலம் மிகுந்த இடத்தில் ஏறத்தாழ 118 மைல்; ஆழம் மிகுந்த இடத்தில் 900 அடியையும் தாண்டும். நீர் நன்னீரே ஆயினும் அலையும் புயலும் கடலுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல. சொல்லப்போனால் ஒரு வகையில் ஏரி கடலினும் கொடியது. கடலில் புயல் அடித்தால் கரையை விட்டு விலகி ஓடித் தப்பலாம். ஏரியில் எத்திசையில் ஓடினாலும் கரை வந்து மறிக்கும். அதனுடன் நவம்பர் மாதக் குளிரையும் சேர்த்து எண்ணுங்கள். தெறிக்கும் நீர் பாயிலும் கயிற்றிலும் தளத்திலும் பட்ட இடத்திலேயே உறைந்து கட்டியாகும். அக்கட்டியின் பாரமே கப்பலை அமிழ்த்தப் போதுமானது.

ரூஸ் சிம்மன்ஸ் பிறந்த காலம் மரவணிகம் செழித்திருந்த காலம். ஏரியின் வடகரையிலும் கிழக்குக் கரையிலும் பைன் காடுகள். தெற்கு முனையில் நாள்தோறும் வளர்ந்துவந்த சிக்காகோ நகரம். 1871-ஆம் ஆண்டு அக்டோபரில் நிகழ்ந்த பெருந்தீயில் அந்நகரின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. அதை மீண்டும் எழுப்புவதற்கு வேண்டிய பலகைகளும் ஏரி வழியாகவே வந்தன. மஸ்கீகன் நகரின் பெரும் மரவணிகரான சார்லஸ் ஹேக்லி என்பவருக்கு நம் கப்பல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பணிபுரிந்தது. பலகை ஏற்றும், இறக்கும், மீண்டும் ஏற்றும். அந்த இருபது ஆண்டுகளைப் பற்றி எழுதுவதற்கு இதற்குமேல் ஒன்றும் இல்லை. உழைப்பவர் வாழ்வு பெரும்பாலும் அப்படித்தானே கழிகிறது!

காலம் மாறிற்று. நீராவிக் கப்பல்கள் வந்தன, இருப்புப்பாதைகள் வந்தன, காடுகளோ வெட்டித் தீர்ந்தன. பழைய ஸ்கூனர்களுக்கு மலிவான சரக்கும் மலிவான கூலியும் மட்டுமே எஞ்சின. கூலி குறைந்ததும் பழுதுபார்ப்பும் குறைந்தது. கை மாறிக் கை மாறி, 1910-ஆம் ஆண்டில் நம் கப்பலின் எட்டில் ஒரு பங்கை வாங்கியவர்தாம், அன்று நாம் மறையுரையில் புகழ்ந்த ஹெர்மன் ஷூனமன். மற்றோர் எட்டில் ஒரு பங்கு சார்லஸ் நெல்சன் என்னும் மீகாமனுடையது. பெரும்பங்கு வேறொருவருடையது. கப்பல் முழுவதும் ஷூனமனின் சொந்தம் என்று நாம் கூறியது முதற்பிழை.

இவர் ஜெர்மானியக் குடியேறிகளின் வழிவந்தவர். விஸ்கான்சின் கரையில் இன்று ஆல்கோமா எனப்படும் ஊரில் பிறந்தவர். கிறிஸ்மஸ் காலத்தில் பசுமரத்தை வீட்டினுள் நாட்டி அலங்கரிக்கும் வழக்கம் ஜெர்மானியருடையது. சிக்காகோவில் அவர்கள் பெருந்திரளாக வாழ்ந்தமையால் மரத்துக்குக் கிராக்கி மிகுதி. (சவுக்குக் கிளை ஒன்றை ஒடித்து மணல் தொட்டியில் நட்டு, காகித நட்சத்திரம் தொங்கவிடும் நம் வழக்கமும் அவ்வழியே சுற்றி வந்ததுதான்.) ஹெர்மனும் அவர் தமையன் ஆகஸ்டும் ஒவ்வோர் ஆண்டும் இலையுதிர் காலத்தின் இறுதியில் வடகரைக்குச் சென்று, ஊசியிலை மரங்களை வெட்டிக் கப்பலில் ஏற்றிவந்து, சிக்காகோ ஆற்றில் கிளார்க் தெருப் பாலத்தருகே கப்பலைக் கட்டி, அங்கேயே விற்றனர். இடைத்தரகர் இல்லாமையால் விலை குறைவு. அரை டாலர் முதல் ஒரு டாலர் வரை. தந்தையர் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு பலகை வழியே கப்பலின் மேல்தளத்தில் ஏறி மரம் தேர்ந்தனர். செய்தித்தாள்கள் ஹெர்மனைச் 'சாந்தா மீகாமன்' என்று செல்லப்பெயரிட்டு அழைத்தன. அந்தச் சாந்தா கிளாஸ் தாத்தாவின் மூலமான மீரா நகரத்து ஆயர் புனித நிக்கோலாஸ், குழந்தைகளுக்கு மட்டுமன்றி மாலுமிகளுக்கும் பாதுகாவலர் என்பதைச் செய்தித்தாள்காரர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள்.

அவர் ஏழைக் குடும்பங்களுக்கும் கோயில்களுக்கும் அநாதை இல்லங்களுக்கும் மரங்களை இலவசமாகக் கொடுத்தார் என்பது பலரும் நினைவுகூர்ந்த செய்தி. அதை நாம் ஐயுறவில்லை. ஆனால் கொடுப்பதற்கென்றே அவர் மரம் ஏற்றவில்லை. அது அவர் பிழைப்பு. 1907-ஆம் ஆண்டில் கடனைத் தீர்க்க இயலாது நீதிமன்றத்தில் நொடிப்பு நிலை கோரிய மனிதர் அவர். மனைவியும் மூன்று பெண்மக்களும் உடைய குடும்பஸ்தர். ஆண்டு முழுவதும் கிடைக்காத பணம் அந்த ஒரே பயணத்தில் கிடைக்க வேண்டும். இதைச் சொன்னால் கதையின் ஒளி குறைந்துவிடும் என்று கருதுவோர் இருக்கலாம். கடனில் கிடப்பவன் கையிலிருந்து வரும் ஒரு மரம், செல்வன் வழங்கும் நூறு மரத்தினும் பெரிது என்பதே எமது எண்ணம்.

ஏரியின் ஆபத்தை அவர் அறியாதவரும் அல்லர். 1898-ஆம் ஆண்டு நவம்பரில் தமையன் ஆகஸ்டு, எஸ். தால் என்னும் சிறிய ஸ்கூனரில் இதே மரச்சரக்குடன் வருகையில், சிக்காகோவுக்கு வடக்கே கிளென்கோ அருகில் புயலில் சிக்கிக் கப்பலிலிருந்த அனைவருடனும் மாண்டார். ஹெர்மனுக்கு அவ்வாண்டு அக்டோபரில்தான் இரட்டைப் பெண்குழந்தைகள் பிறந்திருந்தனர். அதனால் அப்பயணத்தில் அவர் உடன்செல்லவில்லை. மறு ஆண்டும் மரம் வந்தது. தமையனை விழுங்கிய ஏரியில் தம்பி தொழிலைத் தொடர்ந்தார்.

இனி 1912. நவம்பர் 22-ஆம் நாள், வெள்ளிக்கிழமை. ஏரியின் வடகோடியில் தாம்ப்சன் என்னும் சிறு துறையிலிருந்து ரூஸ் சிம்மன்ஸ் பாய்விரித்தது. சிக்காகோ ஏறத்தாழ 300 மைல் தொலைவு. கப்பலுக்கு அப்போது வயது நாற்பத்து நான்கு. மரக்கப்பலுக்கு அது முதுமை. சரக்கறையில் அடைத்தது போக, மேல்தளத்திலும் ஆளுயரத்துக்கு மேல் மரக்கட்டுகள். மூவாயிரம் என்பாரும் ஐயாயிரம் என்பாரும் உளர். தளத்தின்மேல் அடுக்கிய மரங்களின் கிளைதோறும் பனி படிந்து உறையும் என்பதையும், மேற்பாரம் மிகுந்த கப்பல் நிலைகொள்ளாது என்பதையும் மாலுமி அல்லாத நாமே உணர முடிகிறது. முப்பது ஆண்டு அனுபவம் உடையவர் உணராதிருந்திருப்பாரா? உணர்ந்தும் புறப்பட்டார். தாமதித்தால் மற்ற வணிகர் முந்திக்கொள்வர். கிறிஸ்மஸ் கழிந்தபின் அம்மரம் விறகுக்கும் ஆகாது.

மறுநாள் சனிக்கிழமை பிற்பகல் 2 மணி 50 நிமிடம். விஸ்கான்சின் கரையில் கெவானி என்னும் ஊரில் அரசின் உயிர்காப்பு நிலையம் ஒன்று இருந்தது. கப்பல்களைக் கண்காணித்து, ஆபத்து நேர்ந்தால் படகு செலுத்திக் காப்பது அந்நிலையத்தாரின் பணி. தொலைவில் தெற்கு நோக்கிச் செல்லும் ஸ்கூனர் ஒன்றைக் காவலர் கண்டார். அதன் கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. நமக்கு அரைக்கம்பக் கொடி இறந்தோர்க்குரிய இரங்கல். அன்று அந்தக் கப்பலிலோ அது உயிரோடிருப்போரின் கூக்குரல்: "ஆபத்தில் இருக்கிறோம், உதவுங்கள்" என்பது அதன் பொருள். கப்பலில் கம்பியில்லாத் தந்தி இல்லை. அவர்களால் இயன்ற ஒரே பேச்சு அக்கொடிதான்.

நிலையத் தலைவர் கிரெய்ட் என்பவர். அவரிடம் விசைப்படகு இல்லை. துடுப்புப் படகால் அக்காற்றில் அவ்வளவு தூரம் சென்று எட்ட இயலாது. துறையில் வழக்கமாக நிற்கும் இழுவைப்படகு அன்று முன்னதாகவே வேறு வேலையாகச் சென்றுவிட்டிருந்தது. அவர் தொலைபேசியை எடுத்தார். தெற்கே இருபது மைலுக்கு அப்பால் டூ ரிவர்ஸ் என்னும் ஊரிலும் உயிர்காப்பு நிலையம் உண்டு; அங்கே விசைப்படகும் உண்டு. அந்நிலையத் தலைவர் சோகி சிறிதும் தாமதியாது ஆட்களுடன் படகை நீரில் இறக்கினார். நவம்பர் இறுதியில் அப்பகுதியில் மாலை நாலரை மணிக்குள் கதிரவன் மறைந்துவிடும். கப்பல் இருக்கவேண்டிய திசையில் வடக்கு நோக்கிச் சென்று தேடினர். பனி பொழிந்து பார்வையை மறைத்தது. ஒன்றும் தென்படவில்லை. வெறுங்கையுடன் திரும்பினர்.

நாடகமாக நடித்தபோது நம் இளைஞர்கள், பனிக்கட்டி போர்த்த கப்பல் காப்போரின் கண்ணெதிரே தோன்றி, மீகாமன் கையசைத்து, பின் மறைவதாகக் காட்டினர். பல நூல்களிலும் அப்படித்தான் வருகிறது. நிலையத்தின் நாட்பதிவேடோ அவர்கள் கப்பலைக் காணவே இல்லை என்கிறது. அப்பதிவேடுகள் இன்றும் அமெரிக்க அரசின் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. மணி, காற்று, புறப்பட்டது, திரும்பியது என்று வறண்ட நடையில் எழுதப்பட்டவை. எமக்கு இப்போது நாடகக் காட்சியைவிட அந்த வறண்ட வரிகளே நெஞ்சை உறுத்துகின்றன. கொடியைக் கண்டவரிடம் படகில்லை. படகுள்ளவர் சென்றபோது கப்பலில்லை. யாரும் கடமை தவறவில்லை.

புட்டியில் அடைத்த மடல் பற்றியும் கூறிவிடுகிறோம். அப்படி ஒன்று கரை ஒதுங்கியதாக அக்காலச் செய்தித்தாள்கள் எழுதின. அது மீகாமன் கைப்பட எழுதியதே என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. கப்பலிலிருந்து எலிகள் முன்னரே இறங்கி ஓடின, அதைக் கண்ட மாலுமிகள் ஏற மறுத்தனர் என்பதும் இவ்வாறே. பெருந்துயரம் நேர்ந்த இடமெல்லாம் இத்தகைய கதைகள் முளைப்பது இயல்பு. அவற்றைப் பலிபீடத்தருகே கொண்டுவந்தது எமது தவறு.

இவற்றினும் பெரிய தவறு ஒன்றுண்டு. கப்பலில் எத்தனை பேர் இருந்தனர் என்பதைப் பற்றி நாம் அன்று ஒரு சொல்லும் கூறவில்லை. இப்போது கூற விரும்பியும் இயலவில்லை! பத்துப் பன்னிரண்டு பேர் என்று ஒரு கணக்கு. பதினாறு பதினேழு என்று மற்றொன்று. இருபதுக்கும் மேல் என்று வேறொன்று. ஷூனமன், நெல்சன் ஆகிய இருவரைப் பற்றி ஐயமில்லை. எஞ்சியோர் கூலி மாலுமிகள். காட்டில் மரம் வெட்டிவிட்டு, விழாவுக்கு வீடு திரும்ப அதே கப்பலில் ஏறிக்கொண்ட தொழிலாளர் சிலரும் இருந்தனர் என்கின்றனர். பெயர்ப்பட்டியல் கரையில் வைக்கப்படவில்லை. இருந்தது ஏதேனும் உண்டெனில் அது கப்பலோடு போயிற்று. எந்த வீட்டிலோ ஒரு தாய், மகன் எங்கோ வேலையாக இருக்கிறான் என்று எண்ணி அடுத்த வசந்தம் வரை காத்திருந்திருப்பாள். நம் நாடகத்தில் மீகாமனுக்கு மட்டுமே வசனம் இருந்தது. மற்றவர்கள் பின்னால் நின்று கயிறு இழுத்தனர்.

தப்பியவர் ஒருவரும் இல்லை. ஆனால் ஏரி சிலவற்றைத் திருப்பிக் கொடுத்தது. பல ஆண்டுகள் மீனவர் வலைகளில் ஊசியிலை மரங்கள் சிக்கிக்கொண்டே இருந்தன. 1924-ஆம் ஆண்டில் டூ ரிவர்ஸ் அருகே வலையில் ஒரு பணப்பை வந்தது. எண்ணெய்த்துணியில் சுற்றிக் கட்டப்பட்டிருந்ததால் உள்ளிருந்த தாள்கள் கெடவில்லை. அது ஹெர்மன் ஷூனமனுடையது. 1971-ஆம் ஆண்டு அக்டோபரில் மில்வாக்கியைச் சேர்ந்த மூழ்குநர் கென்ட் பெல்ரிச்சர்ட் என்பவர், அதே ஊருக்கு அப்பால் ஏறத்தாழ 165 அடி ஆழத்தில் கப்பலையே கண்டுபிடித்தார். அது கவிழ்ந்து கிடக்கவில்லை. அடித்தளத்தில் நிமிர்ந்து அமர்ந்திருந்தது. மரத்தைத் துளைக்கும் கடற்புழு நன்னீரில் வாழ்வதில்லை. குளிரும் இருளும் அழுகலைத் தடுத்தன. சரக்கறையில் மரங்கள் வரிசையாக இருந்தன. சிலவற்றில் ஐம்பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின்னும் ஊசியிலைகள் உதிராதிருந்தன.

கப்பலின் சுக்கான் சக்கரம் 1999-இல் வேறொரு மீன்பிடிப் படகின் வலையில், கப்பல் கிடக்கும் இடத்துக்கு ஒரு மைலுக்கு மேல் வடக்கே கிடைத்தது. புயலில் அறுந்து வீசிய பாய்க்கழி ஒன்று அதை அடித்துப் பெயர்த்தது என்பதும், சுக்கான் பிடிக்க வழியின்றிக் கப்பல் அலையின் போக்கில் விடப்பட்டது என்பதும் ஆய்வாளர் சிலரின் ஊகம். ஊகம் சரியெனில், கொடி தாழ்ந்தபின் அவர்கள் எவ்வளவு நேரம் அப்படி மிதந்தனர் என்பதை எண்ணவும் மனம் நடுங்குகிறது. 2007-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அக்கப்பலை நாட்டின் வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் சேர்த்தது.

உயிர்காப்பு நிலையங்கள் 1915-ஆம் ஆண்டில் கடலோரக் காவற்படையில் இணைக்கப்பட்டன. அப்படையின் மேக்கினா என்னும் பெயருடைய கப்பல், 2000-ஆம் ஆண்டு தொடங்கி, டிசம்பர் முற்பகுதியில் வடக்கிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்களைச் சிக்காகோவுக்கு ஏற்றிவந்து ஏழைக் குடும்பங்களுக்கு வழங்கும் வழக்கம் ஏற்பட்டது. இலவச மரக் கப்பல் என்று நாம் மறையுரையில் கூறியது இதற்குத்தான் பொருந்தும்.

பார்பராவைப் பற்றி இறுதியில் கூறவே வைத்திருந்தோம். ஹெர்மனின் மனைவி. அன்றைய மறையுரையில் அவர் பெயரையே நாம் கூறவில்லை. நாடகத்திலும் அவருக்கு இடமில்லை, கடைசிக் காட்சியில் ஒரு பெண் அழுதாள், அவ்வளவே. கப்பல் வராத அந்த நவம்பர் இறுதியில், மூத்த மகள் எல்ஸிக்கு வயது இருபது. இரட்டையர் பெர்லுக்கும் ஹேசலுக்கும் பதினான்கு. எத்தனையோ நாள் பாலத்தருகே மக்கள் கூடிக் கூடிக் கேட்டுச் சென்றனர். பார்பரா அழுதார்தாம். ஆனால் அவ்வாண்டே, கணவர் இறந்த சில வாரங்களுக்குள், தாயும் மகளும் வேறு வழியாக மரம் தருவித்துச் சிக்காகோவில் விற்றனர். அடுத்த ஆண்டும் விற்றனர். அதற்கடுத்த ஆண்டும். சில ஆண்டுகள் பாய்க்கப்பலிலேயே மரம் வந்தது. மைத்துனரையும் கணவரையும் கொண்டுபோன அதே ஏரி வழியாக! பின்னர் இரயில் வண்டியில் தருவித்தனர். பெண்மக்கள் மாலை கட்டினர், தாய் விலை பேசினார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள், தம் இறுதிக்காலம் வரை, அந்த அம்மாள் அத்தொழிலைக் கைவிடவில்லை.

1933-ஆம் ஆண்டில் பார்பரா இறந்தார். சிக்காகோவின் அக்கேசியா பார்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தனர். கல்லில் கணவர் பெயரும் மனைவி பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. இரண்டுக்கும் நடுவே ஒரு சிறிய கிறிஸ்மஸ் மரம் செதுக்கியிருக்கிறது. கல்லின்கீழ் இருப்பது பார்பரா மட்டுமே.